இந்தக் கால் முதலில்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு. பெயின்டருக்குப் படி ஏறி இறங்கப் பழக்கும்போது 'கெட்ட கால்' என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நோயாளியின் உடம்பில் எதையும் கெட்டது என்று சொல்லக் கூடாது என்பது முதல் வருடமே படித்தது. அதன் பிறகு அந்தச் சொல் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன். இனியும் வராது.

எழுதி முடித்து, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பிறகுதான் அவள் நோட்டை மூடினாள். வகுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரெண்டுதடவ' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒருவருடைய முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பாள். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, தன்மேலேயே நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் எடுத்து அளப்பாள். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். "நீயெல்லாம் தாலியையே ரெண்டு தடவ கட்டச் சொல்லுவே" என்பான் அவள் அண்ணன்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் ஆஸ்பத்திரியை ஒட்டிய கல்லூரியில் பிசியோதெரபி பட்டப்படிப்பு. மூன்றாம் வருடத்தில் வெறும் பாடம் போதாது. ஒவ்வொரு பயிற்சியையும் உண்மையான நோயாளிக்குக் கொடுத்து, மேற்பார்வை மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவளுக்குப் பாக்கி இருந்தது படிக்கட்டுப் பயிற்சி ஒன்றுதான்.

அதற்கு வாய்த்தவர்தான் பெயின்டர். ஏணியோடு சரிந்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்துத் திருகு முடுக்கி, வெளியே கம்பி வைத்த முழங்கால் பட்டையும் கட்டியிருந்தார்கள். அந்தக் காலில் பாதி பாரத்துக்கு மேல் இறக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. வீடோ இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வேறொருவருக்குப் படுக்கை தேவைப்பட்டதால் அன்று மாலையே அவரை வீட்டுக்கு அனுப்புவதென்றும், மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வந்து தையல் பிரித்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. படி ஏறவும் இறங்கவும் அதற்குள் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பயிற்சிக் கூடத்தின் மூலையில் நாலு மரப்படி இருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி. மேலே ஏறினால் சுவர்தான்.

"நாலு படி ஏறினா சுவர் வருது" என்றார் பெயின்டர். "அப்படியே ஒரு கோட் அடிச்சுட்டு இறங்கச் சொல்றியா பாப்பா?"

பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "அடிப்பாரு. அடிச்சுட்டு அதுல இருந்தும் விழுவாரு" என்றாள்.

மாணவி சிரிக்கவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தாள். "ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது கக்கத்துக் கட்டையும் கெட்ட காலும் முதல்ல."

"கெட்ட காலா?" பெயின்டரின் சிரிப்பு நின்றது. "இத்தனை வருஷம் ஏணி ஏறிச் சோறு போட்ட கால்மா இது."

"கால் நல்ல கால்தான்" என்றாள் மனைவி. "தலைதான் யார் பேச்சையும் கேக்காது."

மாணவிக்குக் காது வரை சூடேறியது. அதன் பிறகு நல்லது கெட்டது என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஏறும்போது அவர் பின்னால் நின்று, இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஏற்றினாள். இறங்கும்போது, பாடத்தில் சொன்னபடி அவருக்குக் கீழே, அவருக்கு எதிரே வந்து நின்றாள். தன் வலது தொடையைத் தட்டிக் காட்டி, "இந்தக் கால் முதல்ல. அப்புறம் இது" என்றாள்.

பெயின்டர் அவள் கையையே பார்த்தார். வீட்டுக்காரர் காட்டும் நிறத்தை மனதில் வாங்கிக்கொள்வதுபோல உன்னிப்பாகப் பார்த்தார். பார்த்தபடியே இறங்கினார். இரண்டாவது படியில் பல்லைக் கடித்தார்.

"கொஞ்சம் வலிக்கும் அண்ணே. வலிக்குதுன்னு மாத்திடாதீங்க. போகப் போகப் பழகிடும்."

"நீ சொன்னா சரி."

மறுபடியும் ஒருமுறை ஏற்றி இறக்கினாள். தொலைவில் வேறொரு நோயாளியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த மேடம் அங்கிருந்தே, "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது மேடம். ரெண்டு தடவ." மேடம் வந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். புதுக் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கடையில் சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லி வைத்த விதி ஒன்று உண்டு: உன் மூஞ்சியைத் தொட்டுக் காட்டாதே, அவர்கள் கண்ணாடியைத் தொட்டுச் சொல். அன்றைக்குக் கையில் துடைக்கிற துணியும் திருகாணிச் சிமிழும் இருந்ததால், அவள் அதை மறந்து, தன் வலது காதைத் தொட்டு, "இந்தப் பக்கம் கொஞ்சம் ஏத்துங்க டீச்சர்" என்றாள்.

டீச்சரின் கை இடது காதுக்குப் போனது.

"அது இல்ல டீச்சர், இந்தப்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். சிமிழ் கையிலிருந்து நழுவி, திருகாணிகள் கண்ணாடி மேஜைமேல் சிதறின.

எதிரே நிற்பவர், காட்டிய பக்கத்தைத்தான் எடுப்பார். நேற்று அவள் தட்டியது தன் வலது தொடையை. பெயின்டர் முன்னால் வைத்தது எந்தக் காலை? நினைத்துப் பார்த்தாள். தொளதொளவென்ற பைஜாமா முழங்கால் பட்டையை மூடியிருந்தது. அவள் தட்டிய பக்கத்துக் கால்தான் வந்தது, அவருடைய இடது கால். தட்டிய பக்கம் வந்ததால் அவள் மனசும் சரி என்று தலையாட்டிவிட்டது.

அவளுக்கு நம்ப மனம் வரவில்லை. முதலாளியிடம் போய்த் தன் வலது தொடையைத் தட்டினாள். "சார், ஒரு நிமிஷம் எனக்கு எதிர்ல நில்லுங்க. இந்தக் கால் முதல்ல வைங்க."

"என்னம்மா, கடையில டான்ஸ் கிளாஸ் ஆரம்பிக்கப் போறியா?" என்றபடியே முதலாளி இடது காலை எடுத்து வைத்தார்.

"மறுபடியும் சார்."

மறுபடியும் இடது கால்தான்.

நல்ல காலை முதலில் கீழே இறக்கினால், அது தரையைத் தொடுகிற வரை உடம்பு மொத்தமும், மடங்குகிற முழங்கால்மேல் நிற்கும். பாதி பாரம்கூட யோசித்து வைக்க வேண்டிய கால்மேல். கூடத்தில் இரண்டு கைப்பிடி இருந்தது, கைகள் தாங்கிக்கொண்டன. வீட்டில் ஒரு கைப்பிடிதான் என்று அவர் மனைவி சொல்லியிருந்தாள். அதற்கும் மேலே, இவளே வலிக்கும், மாற்றாதீர்கள் என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறாள். அவர் வலியைப் பார்த்து நிறுத்தவும் மாட்டார்.

கடிகாரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமென்றால் அவர் இப்போது கிளம்பிக்கொண்டிருப்பார்.

பெயின்டரின் நம்பரும் விலாசமும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தன. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, டீச்சர் பார்க்கப் பார்க்க, ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றாள். ஒருவேளை அவரே சரியாக இறங்கிவிடுவாரோ? மனைவி யோசித்துச் சொல்லிவிடுவாளோ? கையெழுத்து வாங்கியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு தனக்குள் எழுந்ததைக் கண்டு அவளுக்கே உடம்பு கூசியது. மேடத்தைக் கூப்பிட்டாள்.

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"இறங்கும்போது நீ எங்க நின்னே?" என்றார் மேடம்.

"எதிர்ல மேடம்."

"யார் காலைத் தொட்டுக் காட்டினே?"

"என் காலை."

மேடம் உடனே, "நம்பரும் விலாசமும் அனுப்புறேன். போன் பண்ணு. எடுக்கலன்னா நீயே ஓடு. இங்க ஆள் வரிசையா நிக்குது, என்னால வர முடியாது. போய்ப் பேசிக்கிட்டு நிக்காதே. முதல்ல அந்த ஆளை நிறுத்து."

பெயின்டரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மனைவியின் நம்பரும் அப்படியே. இரண்டு பேரும் போனை எடுக்காமல் அப்படி என்ன செய்துகொண்டிருப்பார்கள்? அவள் உடனே அண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

அண்ணனுக்குப் பார்சல் பட்டுவாடா வேலை. நல்ல வேளையாக இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். முதலாளி ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ, போ. திருகாணியை நான் பொறுக்கிக்கிறேன்" என்றார்.

"எங்கடீ போகணும்? யாருக்கு என்ன?" என்றான் அண்ணன்.

"வண்டிய எடு. போய்க்கிட்டே சொல்றேன்."

சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவன் சிக்னலில் திரும்பிப் பார்த்து, "எதையும் ரெண்டு தடவ பாப்பியே நீ?" என்றான்.

"ரெண்டு தடவயும் எதிர்ல நின்னுதான் பாத்தேன்."

அண்ணன் அதற்கப்புறம் கிண்டல் செய்யவில்லை. சந்து பொந்தெல்லாம் புகுந்து ஓட்டினான். குப்பை லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றபோது அவள் பின் இருக்கையில் இருந்து குதித்து ஓட ஆரம்பித்தாள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு அவனும் பின்னாலேயே ஓடி வந்தான்.

குறுகலான கட்டடம். உள்ளே நுழைந்ததும் கண் இருட்டியது. மேலேயிருந்து கட்டை படியில் ஊன்றும் சத்தம் கேட்டது. டொக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு பல்லிடுக்கில் நசுங்கிய ஒரு முனகல். பிறகு மறுபடியும் டொக்.

கத்தலாமா? கத்தினால் திரும்பிப் பார்ப்பார். திரும்பினால் போச்சு. அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சத்தமில்லாமல் ஏறினாள். முதல் மாடியைத் தாண்டித் திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

பெயின்டர் படிவரிசையின் நட்ட நடுவில் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கு இரண்டு படி கீழே, அவரைப் பார்த்தபடி அவர் மனைவி நின்றிருந்தாள். அவள் தன் வலது தொடையைத் தட்டித் தட்டிக் காட்டினாள். "இந்தக் கால். அப்புறம் இது. நேத்து அந்தப் பொண்ணு காட்டின மாதிரியே. ம், அவ்வளவுதான். வலிச்சா வலிக்கட்டும்."

பெயின்டர் இடது காலைத் தூக்கினார். பைஜாமாவுக்குள் வலது முழங்கால் நடுங்கியது கீழேயிருந்தே தெரிந்தது.

"அண்ணே, அந்த..." என்று தொடங்கி அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த என்றால் எந்த? "தூக்கின காலை அங்கேயே திரும்ப வச்சிடுங்க. அதே படியில. மெதுவா. நான்தான் வந்திருக்கேன்."

குரல் கேட்டு அவர் அசையவில்லை. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பின்னுக்குப் போனது. படியைத் தொட்டது. தொட்ட அதே நேரம் வலது முழங்கால் விட்டுக்கொடுத்தது. அவள் பெயின்டரின் மனைவியை இடித்துக்கொண்டு பாய்ந்து, அவர் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்து, தோளை அவர் மார்பில் முட்டுக் கொடுத்தாள். அவர் பாரம் முழுக்க அவள்மேல் வந்தது. அவள் பாதம் படி விளிம்பில் வழுக்கியது. அதற்குள் முதுகில் ஒரு கை வந்து தாங்கியது. அண்ணன்.

"நான் பிடிச்சிருக்கேன்" என்றான் மூச்சிரைக்க. "நீ அவரைப் பாரு."

அவள் தோளால் தள்ளி அவரை நிமிர்த்தினாள்.

"ரெண்டு காலும் ஒரே படியில இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"இடது காலை நல்லா ஊனிக்கோங்க. கைப்பிடியை விட்டுடாதீங்க. கட்டை?"

"இருக்குமா, இருக்கு." எரிச்சலாகச் சொன்னார். அந்த எரிச்சல் அவளுக்குத் தெம்பாக இருந்தது.

மேலே திரும்ப ஏற்றலாம். ஏறத் தெரியும் அவருக்கு. ஆனால் அந்தக் குறுகலில் அவரைத் திருப்புவது இறக்குவதைவிட ஆபத்து. திருப்பத்துக்கு இன்னும் சில படிதான். அவள் குனிந்து, பைஜாமாவுக்கு மேல் கை வைத்தாள். துணிக்கு அடியில் பட்டையின் இரும்புக் கம்பி தட்டுப்பட்டது. முதலில் ஒருமுறை. பிறகு மறுபடியும்.

"என் காலைப் பாக்காதீங்க. நான் தொடுறது தெரியுதா?"

"தெரியுது. பிளேட் வச்ச கால்."

"இதுதான் முதல்ல இறங்கணும். கட்டையோட சேர்ந்து. மத்தது மேலயே நின்னு தாங்கும்."

பெயின்டர் குனிந்து அவளைப் பார்த்தார். "நேத்து மாத்திச் சொன்னியே?"

"நேத்து நான் காட்டினது தப்பு அண்ணே. என் தப்பு."

"தப்பா?" என்று மனைவி கத்தினாள். "அடிப்பாவி! நேத்து சாயங்காலம் வந்ததுல இருந்து கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு இதையே பழக விட்டிருக்கேன் இவரை! வலிக்குது வலிக்குதுன்னு சொன்னாரு, நான்தான் பொறுத்துக்கோன்னு அதட்டினேன்!"

அவளால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. அவர் இடுப்பைப் பிடித்த கையை எடுக்க முடியாதே.

"சண்டையைக் கீழ போய்ப் போடு" என்றார் பெயின்டர் மனைவியிடம். "இப்ப இறங்கணும்."

கட்டை இறங்கியது. பட்டை கட்டிய கால் இறங்கியது. மேலே நின்ற இடது முழங்கால் மடங்கி, உடம்பைத் தாங்கி, பதமாக இறக்கியது. இரண்டு காலும் ஒரே படியில் வந்து சேர்ந்தன. பெயின்டர் ஒரு கணம் அசையாமல் நின்றார்.

"அட" என்றார். "முன்ன மாதிரி வலிக்கலயே."

திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

திருப்பம் வந்ததும் நிறுத்திவிட்டாள். மீதிப் படிகளை அவர் காலால் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். அண்ணன் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு நாற்காலியும், அதைத் தூக்க இன்னொரு ஆளும் கொண்டுவந்தான். "பயப்படாதீங்க சார்" என்றான். "தினமும் இதைவிடக் கனமான பார்சல் தூக்குறேன். கையெழுத்து வாங்காம எதையும் கீழ போட்டதில்ல."

பெயின்டர் சிரிக்கப் பார்த்தார். மனைவி சிரிக்கவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

முழங்கால் பந்துபோல வீங்கியிருந்தது. டாக்டர் அழுத்தினார். மடக்கினார். படம் எடுக்க அனுப்பினார். எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த பெஞ்சின் இந்தக் கோடியில் அவளும் அந்தக் கோடியில் பெயின்டரின் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். உள்ளேயிருந்து கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள், ஒன்றாகக் குனிந்தார்கள்.

பிளேட் நகரவில்லை. திருகும் அசையவில்லை. ஆனால் உள்ளே நன்றாக இழுபட்டிருக்கிறது என்றார் டாக்டர். வீக்கம் வற்றுகிற வரை அந்தக் காலில் பாதி அல்ல, துளிப் பாரம்கூடக் கூடாது. வேலைக்குப் போவது இன்னும் தள்ளிப்போகும். எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. ஒரு நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.

மேடம் அவளைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். படிக்கட்டுப் பயிற்சி என்ற இடத்தில் நேற்று போட்ட தன் கையெழுத்தைத் தானே குறுக்கே அடித்தார்.

"நான் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். நீ பாத்தும் பாக்கல. என் பங்கை நான் மேலே சொல்லிக்கிறேன்." பேனாவை மூடினார். "இது இல்லாம அடுத்த வருஷம் போக முடியாது, தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுதானே போன் பண்ணினே?"

அது கேள்வியா, பாராட்டா, திட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். மேடம் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வார்டில் பெயின்டர் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுத்திருந்தார். முழங்காலைச் சுற்றி ஐஸ் பை. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். உள்ளே வந்தவள் கட்டில் கால்மாட்டில் நின்றாள். நின்ற பிறகுதான், மறுபடியும் எதிரே நிற்கிறோம் என்று உறைத்தது. சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"பாரமே வைக்கக் கூடாதுன்னா வீட்டுக்கு எப்படிப் போறது?" என்றார் பெயின்டர். "ஒவ்வொரு தடவையும் உன் அண்ணன் வந்து தூக்குவானா?"

"உக்காந்துக்கிட்டே ஏறலாம் அண்ணே. படியில உக்காந்து, கையையும் இடது காலையும் ஊனி, பின்பக்கமா ஒவ்வொரு படியா. பிளேட் வச்ச காலை நீட்டி வச்சுக்கணும்."

"குழந்தை மாதிரியா? கட்டடம் பூரா ஆள் பாக்கும்."

"பாக்கட்டும்" என்றாள் மனைவி, ஜன்னலை விட்டுத் திரும்பாமலே. "ஏணியில இருந்து விழுந்ததை மட்டும் யாரும் பாக்கலையாக்கும்." பிறகு திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "யார் சொல்லிக்கொடுப்பா? நீயா?"

"வேற யாராவது வேணும்னா மேடத்துக்கிட்ட கேக்குறேன் அக்கா."

மனைவி கணவனைப் பார்த்தாள். பெயின்டர் கூரையைப் பார்த்தார். அதிலிருந்த ஈரக்கறையைத் தொழில்காரனுடைய கண்ணோடு வெகுநேரம் பார்த்தார்.

"நீயும் உக்காந்து ஏறிக் காட்டுவியா?" என்றார் கடைசியில்.

"காட்டுறேன்."

"அப்ப நீயே வா. இந்த முறை நான் கேள்வி கேப்பேன். சும்மா தலையாட்ட மாட்டேன்."

மார்ச் 12, புதன். நேற்று எழுதிய தப்பு தப்பே இல்லை. உண்மையான தப்பு அதற்கு அடுத்து நடந்தது. அதை நான் எழுதவில்லை, ஏனென்றால் பார்க்கவில்லை. பெயின்டரின் வீக்கம் சாயங்காலமும் குறையவில்லை. கையெழுத்து போய்விட்டது. அவர் மனைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நாளை: கடையில் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். வகுப்புக்கு முன் கூடத்தில் அந்த நாலு படி. முதலில் நான் உட்கார்ந்து ஏறி இறங்க வேண்டும். பெயின்டருக்கு எதிரே அல்ல, பக்கத்தில், அவர் பார்க்கும் திசையையே பார்த்து. பிறகு அவர். பட்டையைத் தொட்டுச் சொல்ல வேண்டும். மேடம் அருகில் நின்று பார்ப்பார். பைஜாமாவை முழங்காலுக்கு மேல் மடித்துவிடச் சொல்ல வேண்டும்.